ஞானஸ்நானம் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார், அது போதுமா?

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர் ஒன்றிலிருந்து 27 வயதுச் செவிலியர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கேள்விக்குத் தேவையானதை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடையது தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். தந்தை விசைப்படகு வைத்திருக்கிறார். நகரத்து மருத்துவமனையில் வேலை பார்க்கும் மகளுக்கும், பரமக்குடிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த 29 வயது அரசு ஊழியர் ஒருவருக்கும் நான்கு ஆண்டுகளாகப் பழக்கம். அவர் இந்து, பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், தந்தையை இழந்தவர், தாய்க்கு ஒரே மகன். "உங்கள் வீட்டில் அதுதான் பிரச்சினை என்றால் நான் ஞானஸ்நானம் வாங்கிக்கொள்கிறேன், தலையில் தண்ணீர் ஊற்றுவதுதானே" என்று அவர் சொல்லியிருக்கிறார். இதற்கிடையில் தந்தை, தூத்துக்குடிக் கரையிலிருந்து சொந்தச் சாதியில், கத்தோலிக்கரான கப்பல் ஊழியர் ஒருவரைப் பார்த்து வைத்துவிட்டார். மீன்பிடித் தடைக்காலத்தில், ஊரில் எல்லோரும் கரையில் இருக்கும்போதே கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பெண் பார்க்க வந்த அந்த மாப்பிள்ளையிடம் நம் சகோதரி, "நீங்கள் செபம் செய்வீர்களா?" என்று கேட்டிருக்கிறார். "திருவிழாவுக்குச் சப்பரம் தூக்குவேன், மற்றதையெல்லாம் நீ பார்த்துக்கொள்" என்று சிரித்துக்கொண்டே பதில் வந்திருக்கிறது. பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் சித்தியோ, இருவருமே வேண்டாம், இரட்சிக்கப்பட்ட ஒருவரைத்தான் கட்டவேண்டும் என்று வேத வசனத்தைக் காட்டுகிறார்.

அவர் கேட்கும் கேள்விகள் நான்கு. இந்துவை மணப்பது பாவமா? அவர் ஞானஸ்நானம் பெற்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? வீட்டுக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, பிறகு கோயிலில் ஒருமுறை, ஆலயத்தில் ஒருமுறை என்று இரு வீட்டையும் சமாதானப்படுத்தலாமா? ஊரும் ஆலயமும் தன்னை ஒதுக்கி வைத்துவிடுமா?

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தின் நடுவில், கேள்வியாக இல்லாமல் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருந்த ஒரு செய்தியிலிருந்து தொடங்குகிறேன். அவர் ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் தாயை அழைத்துக்கொண்டு இராமேசுவரம் வந்து, அக்னி தீர்த்தத்தில் இறங்கி, இறந்துபோன தந்தைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார் என்றும், அன்று அவருடைய முகமே வேறாக இருக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர் நம்பிக்கை இல்லாத மனிதர் அல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஞானஸ்நானம் பெற்ற பிறகு வரும் ஆடி அமாவாசையன்று அவர் என்ன செய்வார்? தாயைத் தனியாகக் கடலில் இறங்கச் சொல்வாரா, அல்லது நீங்கள் அறியாதபடி தானும் இறங்குவாரா? இதை நீங்களும் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை என்று தோன்றுகிறது. உங்கள் நான்கு கேள்விகளுக்கும் அடியில் இந்த ஒரு கேள்விதான் கிடக்கிறது.

வேதம் உண்மையில் என்ன சொல்கிறது

சித்தி காட்டிய வசனம் கொரிந்தியருக்கு எழுதிய 2-ஆம் நிருபத்தின் 6-ஆம் அதிகாரம், 14-ஆம் வசனம்: "அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக." அந்த அதிகாரத்தை முன்னும் பின்னும் வாசித்தால், பவுல் அங்கே திருமணத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்பது தெரியும், சிலை வழிபாடு சூழ்ந்த நகரத்தில் விசுவாசிகள் எதனோடெல்லாம் தங்களைப் பிணைத்துக்கொள்ளக் கூடாது என்று பொதுவாகப் பேசுகிறார். ஆனால், "அப்படியென்றால் அந்த வசனம் எனக்கில்லை" என்று நீங்கள் தள்ளிவிடவும் முடியாது. மனிதர் பிணைந்துகொள்ளும் உறவுகளில் திருமணத்தைவிட நெருக்கமானது வேறெதுவும் இல்லை. மேலும், திருமணத்தைப் பற்றியே நேராகப் பேசும் இடம் ஒன்றும் இருக்கிறது. முதலாம் நிருபத்தின் 7-ஆம் அதிகாரம், 39-ஆம் வசனத்தில், கணவனை இழந்த பெண் தனக்கு விருப்பமானவரை மணந்துகொள்ளலாம் என்று சொல்லும் பவுல், அவர் "கர்த்தருக்குட்பட்டவனாயும்" இருக்கவேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறார். பெண்ணின் விருப்பம், ஆண்டவருக்குள் இருத்தல் இரண்டும் அந்த ஒரே வசனத்தில் சேர்ந்தே நிற்கின்றன. உங்கள் வீட்டில் இரண்டாவதை மட்டும் பேசுகிறார்கள். நீங்கள் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பழைய ஏற்பாட்டில் உபாகமம் 7-ஆம் அதிகாரம் வேற்றினத்தாரோடு சம்பந்தம் கலக்க வேண்டாம் என்று தடுக்கிறது. அதற்குக் காரணமாக, பிள்ளைகளின் மனம் ஆண்டவரை விட்டு விலகிவிடும் என்பதைச் சொல்கிறதே தவிர, இரத்தத்தைச் சொல்லவில்லை. மோசே எத்தியோப்பியப் பெண்ணை மணந்ததற்காக முறுமுறுத்த மிரியாம்தான் எண்ணாகமம் 12-ஆம் அதிகாரத்தில் தண்டனை பெறுகிறாள். ஆகவே விவிலியத்தின் அக்கறை இனத்தைப் பற்றியது அல்ல, இதயம் எந்தப் பக்கம் சாயும் என்பதைப் பற்றியது.

கலப்பு மணத்துக்கு ஆதரவாக ரூத்தின் கதையைச் சொல்வார்கள், நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்" என்று மோவாபியப் பெண்ணான ரூத் சொன்னது உண்மை. ஆனால் அதை அவள் சொன்னது காதலனிடமோ கணவனிடமோ அல்ல, மாமியாரிடம். கணவன் இறந்த பிறகு, இனி எந்தக் கல்யாணமும் கண்ணுக்குத் தெரியாத நிலையில், திரும்பிப் போய்விடு என்று மாமியாரே வற்புறுத்தியபோது சொன்னாள். அதில் எந்தப் பேரமும் இல்லை. அவருடைய "தண்ணீர் ஊற்றுவதுதானே" என்ற சொல்லை ரூத்தின் சொல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி, பாவமா என்ற கேள்வி. நம்பிக்கை கொள்ளாத துணையோடு ஏற்கெனவே வாழ்பவர்களைப் பிரிந்து போகவேண்டாம் என்று அதே பவுல்தான் சொல்கிறார். அந்தத் துணையும் பிள்ளைகளும் பரிசுத்தமாகிறார்கள் என்றும் எழுதுகிறார். திமோத்தேயுவின் தந்தை கிரேக்கர், தாய் விசுவாசியான யூதப் பெண். இப்படிப்பட்ட குடும்பங்கள் தொடக்கத்திலிருந்தே திருச்சபைக்குள் இருந்திருக்கின்றன. உரிய அனுமதியோடு, நேர்மையோடு செய்யப்படும் அத்தகைய திருமணத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை பாவம் என்று சொல்வதில்லை. அதே சமயம், அது எளிய வழி என்றும் சொல்வதில்லை. திமோத்தேயுவுக்கு விசுவாசம் வந்த வழியைப் பவுல் குறிப்பிடும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் மட்டுமே பெயர் சொல்கிறார். அந்த வீட்டில் அந்தச் சுமையைச் சுமந்தவர்கள் அந்த இரு பெண்கள். உங்கள் வீட்டிலும் அது உங்கள் தோளில்தான் விழும்.

பெயருக்கு வாங்கும் ஞானஸ்நானம்

அவர் அன்பினால்தான் இதைச் சொல்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் இந்தச் சலுகையை இப்போது ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்பதே என் உறுதியான ஆலோசனை.

முதல் காரணம் திருச்சபையின் பக்கத்திலிருந்து. வயது வந்த ஒருவர் திருமுழுக்குப் பெற, அவரே விரும்பிக் கேட்கவேண்டும், விசுவாச உண்மைகளைக் கற்றிருக்கவேண்டும், கிறிஸ்தவ வாழ்க்கையில் பயிற்சி பெற்றுச் சோதிக்கப்பட்டிருக்கவேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 865 சொல்கிறது. எவரையும் மனச்சான்றுக்கு எதிராக விசுவாசத்தை ஏற்கும்படி வற்புறுத்தக் கூடாது என்று சட்டம் 748 சொல்கிறது. கல்யாணத் தேதியைக் குறித்துவிட்டு, அதற்கு முந்தின வாரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வரச்சொல்வது இந்த இரண்டுக்கும் புறம்பானது. ஓரியூர் உங்களுக்குத் தெரியாத ஊர் அல்ல. செம்மண்ணைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவராத குடும்பம் உங்கள் கரையில் குறைவு. அங்கே 1693 பிப்ரவரி 4 அன்று போர்த்துகீசிய மறைப்பணியாளரான அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்டதற்குப் பின்னால் இருந்ததும் ஞானஸ்நானமும் திருமணமும் சேர்ந்த ஒரு வழக்குத்தான். மறவ இளவரசரான தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டபோது, ஒரே மனைவியோடு வாழச் சம்மதித்தால்தான் தரமுடியும் என்றார் அருளானந்தர். தடியத்தேவர் மற்ற மனைவியரை விலக்கினார். அவர்களில் ஒருவர் சேதுபதி மன்னரின் உறவுப் பெண். அவர் முறையிட்டதிலிருந்தே மன்னரின் கோபம் மூண்டது. செல்வாக்குள்ள ஒரு மனிதருக்காகக்கூட ஞானஸ்நானத்தின் விலையைக் குறைக்க மறுத்தவர் இரத்தம் சிந்திய மண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு, அதே ஞானஸ்நானத்தை மணப்பந்தலுக்கு நுழைவுச்சீட்டாக்க வேண்டாம் என்று உங்களை வேண்டிக் கேட்கிறேன்.

இரண்டாவது காரணம் உலகியல் சார்ந்தது. இதை நீங்கள் இருவருமே கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். கிறிஸ்தவராக மாறியவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். இது நியாயமா என்ற கேள்வியைக் கிறிஸ்தவத் தலித் மக்கள் பல பத்தாண்டுகளாக எழுப்பி வருகிறார்கள். எழுப்ப வேண்டிய கேள்விதான். ஆனால் இன்றைய சட்டநிலை இதுதான். ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குப் போய்க்கொண்டே இந்து பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட ஒருவரின் வழக்கில், இடஒதுக்கீட்டுக்காக மட்டும் சமயம் மாறியதாகச் சொல்வதை ஏற்கமுடியாது என்று 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடஒதுக்கீட்டில் வேலை பெற்ற உங்கள் நண்பர், பதிவேட்டில் ஒன்றும் சான்றிதழில் ஒன்றுமாக வாழத் தொடங்கினால், அவரைப் பிடிக்காத எவரும் ஒரு மனு எழுதிப் போடலாம். உண்மையாகவே மனம் மாறி, அதற்கான இழப்பையும் அறிந்து ஒருவர் ஞானஸ்நானம் கேட்டால் அவரை வாழ்த்தி வரவேற்பேன். உங்கள் தந்தையைச் சமாதானப்படுத்துவதற்காக இத்தனையையும் அவர் தலையில் ஏற்றுவது அவருக்குச் செய்யும் அநீதி.

ஞானஸ்நானம் இல்லாமலே திறந்திருக்கும் வழி

"அவர் மாறாவிட்டால் சாமியார் கல்யாணம் செய்து வைக்கவே மாட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது தவறான எண்ணம். உங்கள் கரையில் பலரிடம் இருக்கிறது. திருமுழுக்குப் பெறாதவரை மணப்பது திருச்சபைச் சட்டம் 1086-இன்படி ஒரு தடை. அந்தத் தடையோடு நடக்கும் திருமணம் செல்லாது. ஆனால் ஆயர் விதிவிலக்கு அளித்து அந்தத் தடையை நீக்கமுடியும். அதற்கு நீங்கள் இரண்டு வாக்குறுதி தரவேண்டும்: உங்கள் விசுவாசத்தை விட்டு விலகும் ஆபத்துகளை அகற்ற ஆயத்தமாக இருக்கிறீர்கள் என்பது ஒன்று, பிறக்கும் பிள்ளைகள் எல்லோரையும் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குக் கொடுத்து வளர்க்க உங்களால் ஆனதையெல்லாம் செய்வீர்கள் என்பது மற்றொன்று. அவர் எந்த வாக்குறுதியும் தரவேண்டியதில்லை. ஆனால் நீங்கள் தந்திருப்பதை அவர் முழுமையாக அறிந்திருக்கவேண்டும். திருமணத்தின் நோக்கங்களும் பண்புகளும் இருவருக்கும் கற்பிக்கப்படும். பங்குத்தந்தை வழியாக மறைமாவட்டத்துக்கு விண்ணப்பம் போகும். அது கட்டாயம் கிடைத்துவிடும் என்று எண்ணி மண்டபம் பிடித்துவிடாதீர்கள். தகுந்த காரணம் இருக்கவேண்டும், ஆயர் அதை ஆராய்வார்.

அப்படி நடக்கும் திருமணம் செல்லுபடியாகும், ஆனால் திருவருட்சாதனம் ஆகாது. திருமுழுக்குப் பெற்ற இருவருக்கிடையில்தான் அது அருட்சாதனம். திருப்பலி இல்லாமல் வாசகமும் செபமுமாகச் சடங்கு நடக்கும். மகள் கல்யாணத்துக்குப் பாட்டுப்பூசை வேண்டும் என்று இத்தனை ஆண்டு காத்திருந்த உங்கள் அம்மாவுக்கு அது எவ்வளவு வலிக்கும் என்பதை முன்கூட்டியே உணர்ந்திருங்கள். நாட்டின் சட்டத்தைப் பொறுத்தவரை, இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்கீழ் ஆலயத்தில் மணம் முடிக்கலாம். அதை 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவும் செய்யவேண்டும்.

இரண்டு முறை தாலி, இரகசியப் பதிவு

முதலில் பதிவு, பிறகு குலதெய்வத்தின் முன் மஞ்சள் கயிறு, அதன்பின் ஆலயத்தில் சிலுவைத் தாலி என்ற உங்கள் திட்டம் யாரையும் புண்படுத்தக் கூடாது என்ற நல்ல எண்ணத்திலிருந்து வந்திருக்கிறது. ஆயினும் அது மூன்று இடத்தில் இடிக்கும். ஒரே திருமணத்துக்கான சம்மதத்தை ஆலயத்துக்கு முன்போ பின்போ இன்னொரு சமயச் சடங்கில் தருவதையும் புதுப்பிப்பதையும் சட்டம் 1127 தடுக்கிறது. அவர் வீட்டில் விருந்து வைக்கலாம், அவருடைய தாயின் காலில் விழுந்து ஆசி வாங்கலாம். இன்னொரு தாலி கட்டமுடியாது. அடுத்து, நீங்கள் கிறிஸ்தவராக இருந்துகொண்டே கோயிலில் தாலி கட்டி இந்து திருமணச் சட்டத்தின்கீழ் பதிந்தால் அந்தத் திருமணம் செல்லாது. அந்தச் சட்டம் இருவரும் இந்துவாக இருந்தால் மட்டுமே பொருந்தும் என்று 2008-இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. நாளை ஏதாவது ஆகிவிட்டால் மனைவி என்ற உரிமையே உங்களுக்கு இல்லாமல் போகும். இடைத்தரகர் யாராவது, "இந்து என்று ஒரு வரி எழுதிவிடலாம், ஒரே நாளில் முடியும்" என்று சொன்னால் அந்தப் படியிலேயே திரும்பி வந்துவிடுங்கள்.

மூன்றாவது, இரகசியமாக முடியக்கூடிய பதிவுத் திருமணம் என்று உங்களுக்கு ஒன்று இல்லை. இரு சமயத்தவருக்கு உரியது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவர் குறைந்தது 30 நாள் வசித்த மாவட்டத்தில் அறிவிப்புக் கொடுக்கவேண்டும். அந்த அறிவிப்பு அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். 30 நாள் கழிந்த பிறகே திருமணம். அந்த வழியில் போனால் அவரும் மாறவேண்டாம், நீங்களும் மாறவேண்டாம். வாரிசுரிமைக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். சட்டத்தின் பார்வையில் அது முழுமையான பாதுகாப்பு. திருச்சபையின் பார்வையில், விதிவிலக்கும் ஆலய முறையும் இல்லாததால் அது செல்லாத திருமணம். அந்த நிலையில் நற்கருணை வாங்க முடியாது. ஆனாலும் நீங்கள் பயப்படுவதுபோல் திருச்சபையிலிருந்து துரத்தப்பட்டுவிட மாட்டீர்கள். திருப்பலிக்குப் போகலாம், செபிக்கலாம். பின்னாளில் அந்தத் திருமணத்தை முறைப்படுத்தவும் வழி இருக்கிறது. கல்லறையில் இடம் கிடைக்காது என்று உங்கள் பாட்டி சொன்னதற்கும் இந்த நிலைக்கும் திருச்சபைச் சட்டத்தில் தொடர்பு இல்லை.

ஊர்க் கமிட்டியின் கட்டுப்பாடு வேறு விஷயம். வரி வாங்க மறுப்பது, நல்லது கெட்டதுக்குச் சேர்க்காமல் இருப்பது, அப்பாவின் படகுக்கு ஆள் போகாமல் தடுப்பது எல்லாம் கரையோரங்களில் நடப்பவைதான். வயது வந்த இருவர் மணந்துகொள்ளக் குடும்பத்தின் அல்லது சமூகத்தின் ஒப்புதல் தேவையில்லை என்றும், அதில் குறுக்கிடும் கூட்டங்கள் சட்டவிரோதமானவை என்றும் உச்சநீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு உங்கள் பக்கம் இருக்கிறது; ஆனால் தீர்ப்பு இருக்கும் ஊரிலும் அப்பா தனியாக நின்றுதான் ஐஸ் ஏற்றவேண்டியிருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

நம்பிக்கையா, சாதியா

உங்கள் அம்மாவிடம் அமைதியான ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் நண்பர் பிறந்த அதே சமூகத்தில் பிறந்து, நாள் தவறாமல் செபமாலை சொல்லும் கத்தோலிக்க இளைஞர் ஒருவர் உங்களைக் கேட்டு வந்திருந்தால் வீடு சம்மதித்திருக்குமா? பதில் இல்லை என்று வந்தால், வீட்டில் எழுந்திருக்கும் தடை 2 கொரிந்தியர் 6:14 அல்ல. "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை" என்று கலாத்தியருக்கு எழுதிய அதே பவுலின் பெயரால் சாதியைக் காப்பாற்ற முடியாது; அப்படிக் காப்பாற்றுவதைக் கிறிஸ்தவப் போதனை என்று அழைப்பதை நான் மனதார எதிர்க்கிறேன். உங்கள் குடும்பத்தார் மனக்காயத்தால் பேசுகிறார்களா, மிரட்டலாகப் பேசுகிறார்களா என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். அவருக்கோ உங்களுக்கோ உயிராபத்து உண்டு என்று ஒரு சொல் காதில் விழுந்தாலும் அதை வெறும் கோபம் என்று தள்ளிவிடக் கூடாது. பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணில் அழைக்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம்.

சாதியை விலக்கிவிட்டுப் பார்த்தாலும் நம்பிக்கை பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. ஆகையால் "எல்லாம் சாதிதான்" என்று சொல்லி நீங்களும் அதிலிருந்து நழுவ வேண்டாம். நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்ளும் துணை எதற்காக என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது. இலங்கைக் கடற்படை அப்பாவின் படகைப் பிடித்துக்கொண்டு போன அந்த இரவு, அம்மா முற்றத்தில் முழந்தாளிட்டுச் செபமாலையைத் தொடங்க, சித்தப்பாவும் பக்கத்து வீட்டாரும் வந்து பதில் சொன்னார்கள் என்றும், விடியும்வரை ஒருவரும் எழுந்து போகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியோர் இரவு உங்கள் மணவாழ்க்கையிலும் வரும். அப்போது நீங்கள் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினால் மறுபாதியைச் சொல்ல உங்கள் பக்கத்தில் யார் இருப்பார்? அவர் மரியாதையோடு அருகில் உட்கார்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன். அதுவும் பெரிய அன்புதான். ஆனால் மறுபாதியைச் சொல்லும் குரல் இல்லாமல் நாற்பது ஆண்டு வாழ்வது தனிமையா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்யவேண்டும். "கல்யாணத்துக்குப் பிறகு நான் மாற்றிவிடுவேன்" என்ற நம்பிக்கையில் மட்டும் முடிவெடுக்காதீர்கள். "மனைவியானவளே, நீ உன் புருஷனை இரட்சிப்பாயோ இல்லையோ உனக்கு எப்படித் தெரியும்?" என்று பவுல் கேட்ட கேள்விக்கு இன்றுவரை எவரிடமும் உத்தரவாதம் இல்லை.

இதே அளவுகோலை அப்பா பார்த்திருக்கும் மாப்பிள்ளைக்கும் வையுங்கள். சட்டப்படி அந்த மணத்துக்குத் தடையே இல்லை. இருவருக்கும் திருமுழுக்குப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, ஓலை வாசிப்பதில் (ஆலயத்தில் திருமணத்தை முன்கூட்டி அறிவிப்பதில்) சிக்கல் இல்லை, அது அருட்சாதனமாகவும் இருக்கும். ஆனால் "நீ பார்த்துக்கொள்" என்று சொன்னவரோடு வாழும் வீட்டிலும் மறுபாதிக் குரல் இருக்காது. ஒரு வாக்கியத்தை வைத்து அவரைத் தீர்ப்பிட வேண்டாம். கடலில் மாதக்கணக்கில் இருப்பவர்கள் தங்கள் பக்தியைச் சிரிப்பால் மறைப்பதும் உண்டு. இன்னொரு முறை பேசிப் பாருங்கள். அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால் மறுத்துவிட உங்களுக்கு முழு உரிமை உண்டு. கட்டாயத்தால் தரும் சம்மதம் திருச்சபையிலும் செல்லாது. இருவரில் ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 27 வயது பிந்திவிட்ட வயது அல்ல. சித்தியின் கவலையில் இருக்கும் நியாயத்தையும் இந்த இடத்தில் நான் ஏற்கிறேன்: கிறிஸ்தவர் என்ற பெயருக்கும் விசுவாசத்துக்கும் இடையில் தூரம் இருக்கலாம் என்பதை அவர் சரியாகத்தான் சொல்கிறார்.

அவரிடம் கேட்க வேண்டியவை

முடிவுக்கு முன் அவரோடு உட்கார்ந்து, காதல் பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு, இவற்றைப் பேசுங்கள். ஆடி அமாவாசைக்கு என்ன செய்வோம். தந்தையின் திதியை நான் தடுக்கமாட்டேன், ஆனால் நான் எதில் கலந்துகொள்வேன், எதில் விலகி நிற்பேன். குழந்தைக்குத் திருமுழுக்கு என்று நான் ஆயரிடம் வாக்குக் கொடுக்கும்போது உங்கள் மனம் அதற்கு உண்மையாகவே இசைகிறதா. உங்கள் அம்மா முதல் முடியைக் குலதெய்வத்துக்கு இறக்கவேண்டும் என்று நேர்ந்திருந்தால் அவரிடம் யார் பேசுவது. வீட்டுச் சுவரில் எந்தப் படம், ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எங்கே, நீங்கள் எங்கே. அவர் "அதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று மூன்றாவது கேள்வியிலும் சொன்னால், வலித்தாலும் இந்த உறவை நிறுத்திக்கொள்ளும்படி உங்களுக்குச் சொல்வேன். அவர் தம் நம்பிக்கையையும் மறைக்காமல், உங்களுடையதையும் குறைக்காமல் நேராகப் பதில் சொன்னால், விதிவிலக்கு வழி உங்களுக்கு முன் நேர்மையாகத் திறந்திருக்கிறது. நானும் இதே திருச்சபையின் பிள்ளை. ஒரே விசுவாசத்தில் இணைவதே உங்களுக்கு வாய்க்கவேண்டும் என்பது என் விருப்பம்; ஆயினும் பொய்யான ஞானஸ்நானத்தின் மேல் கட்டும் ஒரே விசுவாச வீட்டைவிட, உண்மை பேசும் இருவரின் கலப்பு மணத்தையே நான் மதிப்பேன்.

தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது. கல்யாணத்துக்கு முன் ஓலை வாசிக்கவேண்டும் என்பதால் அப்பா அதற்கும் முன்பே பங்குத்தந்தையிடம் போய்விடுவார். ஆகவே தூத்துக்குடி மாப்பிள்ளைக்கு ஆம் என்பதோ இல்லை என்பதோ அதற்கு முன்பு உங்கள் வாயிலிருந்து அப்பாவிடம் வந்தாகவேண்டும். ஓலை வாசித்த பிறகு மறுப்பது அந்தக் குடும்பத்துக்கும் செய்யும் அவமானம். உங்கள் பங்குத்தந்தையிடம் பேசினால் செய்தி வீட்டுக்குப் போய்விடும் என்று அஞ்சுகிறீர்கள். பக்கத்துப் பங்கின் குருவிடம் போங்கள். பேசவே பயமாக இருந்தால் முதலில் ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) சொல்லுங்கள். அங்கே சொன்னதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியிட அவருக்கு அனுமதி இல்லை.